பாசிச் சாறு சேர்த்தால் செல் கூடுதலாக ஒட்டுகிறது: இதை 'இன்டெக்ரின் உள்ளிருந்து தூண்டப்பட்டது' என்று எழுதலாமா?

ஓலைக்குடா கேட்டது:

வணக்கம். மண்டபம் பக்கம் மிதவையில் வளர்க்கிற காப்பாஃபைகஸ் பாசியின் (ஊரில் பெப்சிப் பாசி என்றால்தான் தெரியும்) சாற்றை வைத்து ஓர் ஒட்டுதல் சோதனை. கரையில் காயப்போட்ட பாசியை வெந்நீரில் கொதிக்கவைத்து, வடிகட்டி, ஆல்கஹாலில் திரியவைத்து, திரும்பத் தண்ணீரில் கரைத்ததுதான் சாறு.

செல் கே562 (மிதந்தே வளரும் மனித ரத்தப்புற்றுச் செல்). 96 குழித் தட்டில் ஃபைப்ரோநெக்டின் (செல் பிடித்து ஒட்டுகிற புரதம்) மில்லிக்கு 10 மைக்ரோகிராம், 37 டிகிரியில் ஒரு மணி நேரம். பிறகு மிச்ச இடத்தை மூட 1 சதவீத பிஎஸ்ஏ (மாட்டு ரத்தப் புரதம்). குழிக்கு 50,000 செல், 30 நிமிடம், பாஸ்பேட் பஃபரில் மூன்று முறை கழுவல், கிரிஸ்டல் வயலட் சாயம்.

வெறும் செல் ஒட்டுவதே இல்லை. மாங்கனீஸ் 1 மில்லிமோலார் சேர்த்தால் நன்றாக ஒட்டுகிறது. சாறு சேர்த்தாலும் ஒட்டுகிறது. சாற்றோடு இடிடிஏ (உலோக அயனியைப் பிடித்து வைக்கும் பொருள்) 5 மில்லிமோலார் போட்டால் குறைகிறது, ஆனால் முழுக்கப் போவதில்லை.

கேள்விகள் மூன்று. இன்டெக்ரின் என்பது செல்லை ஒட்டவைக்கும் சவ்வு ஏற்பி. செல்லுக்குள் எழும் சமிக்ஞையால் அது திறந்தது, அதாவது இது உள்ளிருந்து வெளியே போகும் தூண்டல் என்று கட்டுரையில் எழுதலாமா? எழுத வேண்டுமென்றால் குறைந்த செலவில் எந்தச் சோதனை கட்டாயம்? அடுத்து முத்துச்சிப்பியின் ரத்தச் செல்லில் இதையே செய்ய எண்ணம். அதே முறை போதுமா?

---

பாம்பன் காற்று பதில்:

எழுத முடியாது. இருக்கிற தரவு சொல்வது 'ஒட்டியது' என்பதை மட்டும். ஒட்டுதல் அதிகமாவதற்கு நாலு வழி உண்டு. மேற்பரப்பில் ஏற்பியின் எண்ணிக்கை கூடலாம். ஒவ்வொரு ஏற்பியின் பிடிப்பும் கூடலாம். பிடிப்பு மாறாமலே ஏற்பிகள் ஓரிடத்தில் கூட்டமாகச் சேரலாம். இன்டெக்ரினுக்குச் சம்பந்தமே இல்லாமல் செல் எதிலாவது மாட்டிக்கொண்டும் நிற்கலாம். உங்கள் இடிடிஏ முடிவு கடைசி வழியையே சந்தேகப்பட வைக்கிறது. இன்டெக்ரின் வழி ஒட்டுதல் என்றால் இருமின்னேற்ற உலோக அயனி இல்லாமல் நிற்கக் கூடாது. மிச்சம் நிற்பது வேறு ஏதோ.

'உள்ளிருந்து' என்ற சொல்லுக்கு என்ன விலை கொடுக்க வேண்டும் என்பதற்கு அமைப்பைக் கொஞ்சம் பார்க்கணும். மனிதனில் 18 ஆல்ஃபா, 8 பீட்டா, சேர்த்துக் கட்டினால் 24 ஜோடி. வெளியே பெரிய தலையும் இரண்டு நீண்ட கால்களும். சவ்வைக் கடப்பது காலுக்கு ஒரே ஒரு சுருள். உள்ளே நீட்டிக்கொண்டிருப்பது ஒரு சின்ன வால், பெரும்பாலும் சில பத்து அமினோ அமிலங்கள்தான். பீட்டா4 மட்டும் விதிவிலக்கு, அதன் வால் ஆயிரத்தைத் தொடும். 2001-இல் ஆல்ஃபாவி பீட்டா3-இன் படிக அமைப்பு வந்தபோதுதான், தலை சவ்வை நோக்கி மடங்கிக் கிடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிந்தது. மடங்கி மூடியது, நிமிர்ந்து மூடியது, நிமிர்ந்து திறந்தது என்று மூன்று நிலை. இறுகப் பிடிப்பது மூன்றாவது மட்டும்.

பழைய பாம்பன் பாலத்தின் ஷெர்சர் தூக்கை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் நின்று கையால் சுற்றச் சுற்ற, எதிரெதிர் இரண்டு கைகளும் நடுவில் பிரிந்து மேலே போகும். இன்டெக்ரினிலும் மூடிய நிலையில் இரண்டு சுருளும் சவ்வுக்குள் ஒன்றையொன்று இரண்டு இடத்தில் கவ்விக்கொண்டிருக்கும். வெளிப்பக்கக் கவ்வல் ஒன்று. உள்பக்கக் கவ்வல் இன்னொன்று. ஆல்ஃபா வாலின் ஜிஎஃப்எஃப்கேஆர் என்ற ஐந்தெழுத்துத் துண்டு (ஓர் எழுத்து ஓர் அமினோ அமிலம்) அங்கேதான் இருக்கிறது. ஆல்ஃபா2பி பீட்டா3-இல் ஆர்ஜினின் 995-க்கும் ஆஸ்பார்ட்டேட் 723-க்கும் இடையே உப்புப் பாலம். இதை உடைத்தால் தூண்டல் இல்லாமலே ஏற்பி திறக்கப் பார்க்கும்.

உடைப்பது யார்? செல்லுக்குள் இருக்கும் டாலின் என்ற புரதம். 2,541 அமினோ அமிலம், 270 கிலோடால்டன். தலை, தடி என்று இரண்டு பாகம். சும்மா இருக்கும்போது தடியின் ஒன்பதாவது கட்டு தலையின் எஃப்3 பகுதியை மூடி வைத்திருக்கும். ராப்1 (செல்லுக்குள் சமிக்ஞை கடத்தும் புரதம்) விழித்து, டாலினைச் சவ்வுக்கு இழுத்து வந்து, பிஐபி2 கொழுப்பு அந்தப் பூட்டைத் தளர்த்தினால், எஃப்3 போய் பீட்டா வாலின் முதல் என்பிஎக்ஸ்ஒய் துண்டில் உட்காரும். பீட்டா3-இல் அது டைரோசின் 747, பீட்டா1-இல் 783. பலரும் இத்தோடு கதையை முடித்துவிடுகிறார்கள். வாலில் உட்கார்ந்தால் மட்டும் போதாது. எஃப்2, எஃப்3 மேலிருக்கும் லைசின்கள் சவ்வின் எதிர்மின் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிடியால்தான் பீட்டா சுருளின் சாய்வு மாறி, கவ்வல் விடும். டாலினில் லூசின் 325-ஐ ஆர்ஜினினாக மாற்றினால் வாலில் ஒட்டும், ஆனால் ஏற்பி திறக்காது. டிரிப்டோஃபான் 359-ஐ அலனினாக மாற்றினால் வாலில் ஒட்டவே ஒட்டாது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் 'பிடிப்பது' வேறு, 'திறப்பது' வேறு என்று தெளிவாகும்.

பீட்டா வாலின் இரண்டாவது என்பிஎக்ஸ்ஒய் துண்டில் கிண்ட்லின் என்ற இன்னொரு புரதம் உட்காரும். டாலினுக்குத் துணை; தனியாக அது பெரிதாகத் திறப்பதில்லை. ஆனால் அது இல்லாவிட்டால் உடம்பு காட்டிக் கொடுத்துவிடும். கிண்ட்லின்-3 இல்லாத குழந்தைக்கு வெள்ளணுவும் ஒட்டாது, தட்டணுவும் ஒட்டாது. தொற்றும் ரத்தக்கசிவும் சேர்ந்தே வரும். எதிர்ப்பக்கத்தில் ஃபிலமின் அதே பீட்டா வாலுக்குப் போட்டி போடும், ஐகேப்1 பீட்டா1 வாலில் குறுக்கே நிற்கும், ஷார்பின் ஆல்ஃபா வாலைப் பிடித்து அடக்கும்.

ஆக, 'உள்ளிருந்து' என்று எழுத, டாலின் வழியை அடைத்தால் உங்கள் சாற்றின் வேலை நிற்கிறது என்று காட்ட வேண்டும். மாங்கனீஸ் வெளியிலிருந்து, தலையிலுள்ள உலோகக் குழிகள் வழியாக நிலையைச் சாய்க்கிறது. வாலே தேவையில்லை. சாறும் அப்படியே வெளியிலிருந்து செய்யலாமே?

பாலம் உவமையை ரொம்ப தூரம் இழுக்காதீர்கள். பாலம் திறந்திருக்கும், அல்லது மூடியிருக்கும். ஏற்பிகள் கூட்டமாக மூன்று நிலைக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருப்பவை. உங்கள் கே562-இலேயே 2017-இல் ஆல்ஃபா5பீட்டா1-ஐ அளந்திருக்கிறார்கள். 99 சதவீதத்துக்கும் மேல் மடங்கி மூடிய நிலை. திறந்த நிலையின் பிடிப்போ மூடியதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு. அதனால் சமநிலை ஒரு துளி நகர்ந்தாலும் தட்டில் பெரிய வித்தியாசம் தெரியும். கே562-ஐத் தேர்ந்தது நல்ல தேர்வு. ஃபைப்ரோநெக்டினுக்கு ஏறக்குறைய ஆல்ஃபா5பீட்டா1 மட்டுமே, மிதக்கும் செல் என்பதால் டிரிப்சின் தொல்லையும் இல்லை.

---

உப்பளம் பதில்:

இன்டெக்ரினுக்குப் போகுமுன் அந்தச் சாற்றைப் பாருங்கள். காப்பாஃபைகஸ் என்றால் கப்பா கராஜீனன். அது பொட்டாசியத்தோடு கட்டியாகிற சரக்கு. கரையில் காயும்போது பாசி மேல் வெள்ளையாகப் பூக்கிறதே, அதில் பெரும்பங்கு பொட்டாசியம் குளோரைடுதான். ஆல்கஹாலில் திரியவைக்கும்போது உப்பும் கொஞ்சம் கூடவே இறங்கிவிடும். ஆக உங்கள் குழியில் கட்டியாகிற சரக்கும் இருக்கிறது, அதைக் கட்டியாக்கும் உப்பும் இருக்கிறது. கழுவும் பஃபர் குளிர்ந்திருந்தால் கண்ணுக்குத் தெரியாத ஓர் ஏடு படியும். செல் அதில் சிக்கி நிற்கும். இடிடிஏவுக்கு அசையாத மிச்சம் இதுவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம்.

பார்க்க எளிய வழி: ஃபைப்ரோநெக்டின் பூசாமல் பிஎஸ்ஏ மட்டும் பூசிய குழியில் சாறும் செல்லும் போடுங்கள். அங்கேயும் செல் நின்றால் அது ஏடு. உங்கள் பட்டியலில் இந்தக் குழியே இல்லை, கவனித்தீர்களா? பிஎஸ்ஏவை 80–85 டிகிரியில் பத்து நிமிடம் சூடாக்கி ஆறவைத்துப் பூசுங்கள். சூடாக்காத பிஎஸ்ஏ இடைவெளிகளைச் சரியாக மூடாது, பின்னணி ஏறும்.

சாற்றை டயாலிசிஸ் பையில் கட்டி, தண்ணீரை மாற்றி மாற்றி இரண்டு நாள் வையுங்கள். வெளித்தண்ணீரின் மின்கடத்தல் காய்ச்சிவடித்த தண்ணீர் அளவுக்கு இறங்கும்வரை விடக்கூடாது. இதற்கு நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை நம்பவே கூடாது, அது உப்பைக் கழுவாது, உப்பைக் கொடுக்கும். பொட்டாசியம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், செல்லுக்கு வெளியே சுமார் 5 மில்லிமோலார் இருக்க வேண்டியது கூடினாலே சவ்வின் மின்னழுத்தம் குறையும். அதிலேயே செல்லின் போக்கு மாறும், பிறகு எதைத் தூண்டல் என்று சொல்வது? அதே பொட்டாசியம் அளவில் வெறும் பொட்டாசியம் குளோரைடு போட்ட ஒரு குழியும் வையுங்கள்.

இன்னொரு கோணம். கராஜீனனில் சல்பேட் நிறைய, எதிர்மின். ஃபைப்ரோநெக்டினில் ஹெப்பாரினைப் பிடிக்கும் பகுதி ஒன்று உண்டு. சல்பேட் ஏறிய சர்க்கரைச் சங்கிலிகள் அதிலும் போய் உட்காரலாம். செல்லைத் தொடாமல் தட்டையே மாற்றிவிட்டீர்கள் என்றாகிவிடும். இதைப் பிரித்துப் பார்க்க இரண்டு வரிசை: ஒன்றில் தட்டுக்கு மட்டும் சாறு, கழுவி, பிறகு செல். இன்னொன்றில் செல்லுக்கு மட்டும் சாறு 15 நிமிடம், மெதுவாகச் சுழற்றி இறக்கி, புதுப் பஃபரில் எடுத்து, பிறகு தட்டில். இரண்டாவது வரிசையில் ஒட்டுதல் கூடவில்லை என்றால் அதோடு விட்டுவிடலாம். மேற்கொண்டு இன்டெக்ரின் பேச்சே வேண்டாம்.

எண்டோடாக்சினையும் (பாக்டீரியாச் சுவரிலிருந்து வரும் நஞ்சு) மறக்கக் கூடாது. கரையில் காய்ந்த பாசியில் பாக்டீரியா இல்லாமல் இருக்காது. வெள்ளணு வகைச் செல்லில் எண்டோடாக்சின் ராப்1 வழியைத் தட்டும். அது உண்மையான உள்ளிருந்து தூண்டல்தான், ஆனால் தட்டியது பாசி அல்ல. எண்டோடாக்சினை முடக்கும் பாலிமிக்சின் பி சேர்த்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

கட்டக்கோரை, மரிக்கொழுந்து போன்ற வேறு கடற்பாசியில் செய்தாலும் இதே தொல்லைகள்தான். வேறு சர்க்கரை, வேறு உப்பு, அவ்வளவே.

---

ஓலைக்குடா:

இருவருக்கும் நன்றி. பிஎஸ்ஏ மட்டும் பூசிய குழி விட்டுப்போனது உண்மை. டாலினை அடைக்க சைஆர்என்ஏ (ஒரு புரதம் உருவாகாமல் தடுக்கும் சிறு ஆர்என்ஏ) வாங்கப் பணம் இல்லை. மலிவாக வேறு வழி இருக்கிறதா? ஃபார்பால் எஸ்டர் (பிஎம்ஏ) இருக்கிறது, அதை உள்ளிருந்து தூண்டலுக்கான நேர்ச்சான்றாக (வேலை செய்யும் என்று தெரிந்த ஒப்பீட்டுக் குழியாக) வைக்கலாமா? ஃப்ளோ சைட்டோமீட்டர் (செல்களின் ஒளிர்வை ஒவ்வொன்றாக அளக்கும் கருவி) வாரத்தில் ஒரு நாள், வெளியூரில், முன்பதிவில் கிடைக்கும்.

---

தட்டணு பதில்:

மலிவான வழி உண்டு. ஆற்றலை நிறுத்துங்கள். குளுக்கோஸ் இல்லாத பஃபரில் சோடியம் அசைடு 0.1–0.2 சதவீதம், கூடவே 2-டீஆக்ஸிகுளுக்கோஸ் மில்லிக்குச் சில மில்லிகிராம், அரை மணி நேரம். உள்ளிருந்து வரும் தூண்டலுக்கு ஏடிபி (செல்லின் ஆற்றல் மூலக்கூறு, அடினோசின் டிரைபாஸ்பேட்) வேண்டும், அது விழுந்துவிடும். மாங்கனீஸால் வருவது பெரும்பாலும் நிற்கும். சாற்றின் வேலை எந்தப் பக்கம் சேர்கிறது என்று பாருங்கள். இது டாலினை நிரூபிக்காது, ஆனால் சைஆர்என்ஏ வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய உதவும். அசைடு கொடிய நஞ்சு. அதைத் தொட்டியில் கொட்டவும் கூடாது. செம்பு, ஈயக் குழாயில் படிந்தால் வெடிக்கும் உப்பாகும். தனி டப்பாவில் சேருங்கள்.

பிஎம்ஏ வைக்கலாம், ஆனால் எதற்கான சான்று என்று தெரிந்து வையுங்கள். அதில் ஒட்டுதல் கூடுவது, கரைந்த ஃபைப்ரோநெக்டினைப் பிடிக்கும் திறன் பெரிதாகக் கூடாமலே நடக்கலாம். ஆக்டின் சட்டகம் தளர்ந்து ஏற்பிகள் நகர்ந்து கூட்டம் சேருவதால். தனிப் பிடிப்புக்கு நேர்ச்சான்று வேண்டுமானால் டிஎஸ்2/16 ஆன்டிபாடி நல்லது. அது வெளியிலிருந்து பீட்டா1-ஐத் திறந்த நிலையில் நிறுத்தும்.

சைட்டோமீட்டர் கிடைக்கும் நாளில் செய்ய வேண்டியது: ஒரு குழாயில் கே20 (நிலையைப் பாராமல் பீட்டா1 மொத்தத்தையும் எண்ணும்), இன்னொன்றில் 12ஜி10 (திறந்த நிலையை விரும்பும்), மூன்றாவதில் பொருத்தமில்லாத அதே வகை ஆன்டிபாடி. எண்ணை எழுதும்போது 12ஜி10-ஐ கே20-ஆல் வகுத்து எழுதுங்கள். சாறு மேற்பரப்புக்கு ஏற்பிகளைக் கூடுதலாகக் கொண்டுவந்தால் 12ஜி10 மட்டும் பார்க்கிறவர் ஏமாந்துபோவார்.

பாம்பன் காற்று சொன்ன சமநிலை இங்கே கடிக்கும். 12ஜி10 வெறும் அளவுகோல் இல்லை, திறந்த நிலையைப் பிடித்து நிறுத்துகிற ஆன்டிபாடி. அதிகமாகப் போட்டு நேரமும் கொடுத்தால் திறக்காததையும் ஒவ்வொன்றாகத் திறந்து பிடித்துக்கொள்ளும். நிறைவு அளவுக்குக் கீழே போடுங்கள், 15–20 நிமிடத்தில் நிறுத்துங்கள். உயிரோடு சாயம் ஏற்றி, பிறகு 1 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் நிலைநிறுத்துங்கள். முதலில் நிலைநிறுத்திவிட்டுச் சாயம் ஏற்றினால் மறைந்திருந்த இடங்கள் திறந்து பொய்யாக ஒளிரும். பனிக்கட்டியில் வைத்துச் சாயம் ஏற்றுகிற பழக்கமும் இதற்கு ஆகாது. 4 டிகிரியில் உள்ளிருந்து வரும் தூண்டல் உறங்கிவிடும்.

இதைவிட நேர்மையான அளவு, ஒளிரும் சாயம் கட்டிய ஃபைப்ரோநெக்டின் துண்டு, மூன்றாம் வகை மடிப்புகளில் 9-ஆவதும் 10-ஆவதும் மட்டும் கொண்டது. ஒற்றைக் கை என்பதால் கூட்டம் சேர்வதால் வரும் பலன் இதில் தெரியாது, தனிப் பிடிப்பு மட்டும் தெரியும். முழு ஃபைப்ரோநெக்டின் இரட்டை. அதில் இரண்டும் கலந்து வரும்.

எதிர்ச்சான்றுக்கு ஜிஆர்ஜிடிஎஸ்பி பெப்டைடு (ஃபைப்ரோநெக்டினில் இன்டெக்ரின் பிடிக்கும் ஆர்ஜிடி துண்டு இதில் உண்டு) அரை முதல் ஒரு மில்லிமோலார், பக்கத்தில் ஓரெழுத்து மாறிய ஜிஆர்ஜிஇஎஸ்பி. அல்லது எகிஸ்டாட்டின், நானோமோலார் அளவே போதும். நம் பக்கத்து முள்காட்டில் திரிகிற சுருட்டை விரியன் இனத்தின் நஞ்சிலிருந்து வந்தது, 49 அமினோ அமிலம், வளையத்தின் நுனியில் ஆர்ஜிடி. தட்டணு மருந்து டைரோஃபிபன் இதைப் பார்த்து வடிவமைத்ததுதான். ஒரு வேடிக்கை: இவை இடத்தை அடைத்தாலும் ஏற்பியைத் திறந்த உருவத்தில்தான் நிறுத்துகின்றன. அதனால் எகிஸ்டாட்டின் போட்ட குழாயில் ஒட்டுதல் விழும், சில ஆன்டிபாடிகளின் ஒளி ஏறும். இதைப் பார்த்து 'சோதனை முரண்படுகிறது' என்று குழம்ப வேண்டாம்.

சாற்றை மனிதத் தட்டணுவிலும் ஒருமுறை பார்ப்பது நல்லது. அங்கே ஆல்ஃபா2பி பீட்டா3 ஒரு தட்டணுவுக்கு 80,000 அளவில் இருக்கிறது, பாக்-1 ஆன்டிபாடி திறந்ததை மட்டும் பிடிக்கும். 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் ஒன்றுக்கு ரத்தம் ஒன்பது. முதல் குழாயைத் தள்ளிவிட்டு இரண்டாவதில் எடுக்கணும், ஊசி குத்திய இடத்துத் தூண்டல் முதலில் வரும். 150–200 ஜியில் (புவியீர்ப்பைப் போல அத்தனை மடங்கு விசை) 10–15 நிமிடம் சுழற்றணும், பிரேக் போடாமல். குளிர்பெட்டி கூடாது, மூன்று நான்கு மணி நேரத்துக்குள் முடிக்கணும். இடிடிஏ குழாயில் எடுத்தால் 37 டிகிரியில் இரண்டு சங்கிலியும் பிரிந்துபோகும், பிறகு கால்சியம் போட்டாலும் சேராது. நேர்ச்சான்று ஏடிபியின் தம்பி, அதாவது ஏடிபி இல்லை, அடினோசின் டைபாஸ்பேட், 10 மைக்ரோமோலார். (தமிழில் எழுதும்போது இரண்டுக்கும் ஒரே எழுத்து வந்து தொலைக்கிறது, குழாயில் முழுப்பெயர் எழுதுங்கள்.)

---

பாம்பன் காற்று:

தட்டணு சொன்னதில் ஒரு திருத்தம். மாங்கனீஸ் 'பெரும்பாலும் நிற்கும்' என்பது ஒட்டுவதற்குத்தான் பொருந்தும், படர்வதற்கு இல்லை. டாலின் இல்லாத செல்லும் மாங்கனீஸில் ஒட்டும், கொஞ்சம் விரியவும் செய்யும், ஆனால் நிலைத்து நிற்காது. அதனால் 30 நிமிடத்தில் எண்ணுவதும் இரண்டு மணி நேரத்தில் எண்ணுவதும் ஒரே சோதனை அல்ல. அசைடு ஓட்டத்தில் பத்து, இருபது, முப்பது நிமிடங்களில் தனித்தனித் தட்டு வையுங்கள்.

---

நாட்டுப்படகு பதில்:

யாரும் கழுவலைத் தொடவில்லை. உங்கள் முறையில் பாதித் தப்பு அங்கேதான் இருக்கிறது.

பாஸ்பேட் பஃபர் என்கிறீர்கள். கால்சியம், மெக்னீசியம் இல்லாத சாதாரணப் பஃபர் என்றால் முதல் கழுவலிலேயே உலோகம் போய்விடும். பலவீனமான பிடிகள் விடும். மாங்கனீஸையும் பாஸ்பேட்டில் கரைக்காதீர்கள், வெண்படிவாகக் கீழே இறங்கும். பி.எச் ஏறினால் காற்றுப்பட்டுப் பழுப்பாகும். பழுப்பு தெரிந்தால் அந்தக் கரைசலைக் கொட்டிவிடுங்கள். ஹெப்பஸ் பஃபர் 20, சோடியம் குளோரைடு 140 மில்லிமோலார் அளவில், பி.எச் 7.4, குளுக்கோஸ் கொஞ்சம் (அசைடு ஓட்டத்துக்கு மட்டும் குளுக்கோஸ் இல்லாமல்), அதில் மெக்னீசியம் 1, கால்சியம் 1 மில்லிமோலார் என்று அடிப்படைக் குழி. கழுவலும் அதே கரைசலில், 37 டிகிரியில்.

கால்சியம் விஷயத்தில் கவனம். இன்டெக்ரின் தலையில் மூன்று உலோகக் குழி பக்கம் பக்கமாக இருக்கிறது. நடுவில் இருப்பதில் மெக்னீசியமோ மாங்கனீஸோ நின்று ஆர்ஜிடியின் ஆஸ்பார்ட்டேட்டைப் பிடிக்கும். பக்கத்துக் குழி ஒன்றில் கால்சியம் மிகுந்தால் அடக்கும். மாங்கனீஸ் அந்தக் கால்சியத்தைத் தள்ளிவிட்டு அடக்கத்தை எடுக்கும். அதனால் சாறு கால்சியத்தைக் கொஞ்சம் பிடித்து வைத்துக்கொண்டாலே 'தூண்டல்' போலத் தெரியும். சரிபார்க்க, கால்சியத்தைக் கூட்டிக் கூட்டி ஒரு வரிசை ஓட்டுங்கள். கால்சியம் கூடக் கூட சாற்றின் வேலை மறைந்தால் சந்தேகப்பட இடம் இருக்கிறது.

அடுத்து கை. குழியை முழுக்க உறிஞ்சிக் காயவிட்டால் தண்ணீர் விளிம்பு செல் மேல் ஏறி இறங்கும். அந்த விளிம்பின் இழுப்பு, ஊற்றும் தண்ணீரின் தள்ளலைவிடப் பெரியது; நன்றாக ஒட்டியதையும் பிய்க்கும். எப்போதும் 50 மைக்ரோலிட்டர் மிச்சம் வையுங்கள், சுவரோரமாக ஊற்றுங்கள். இதைவிட நல்லது: குழிகளை விளிம்புவரை நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் படலம் ஒட்டி, தட்டைக் கவிழ்த்து 50 ஜியில் ஐந்து நிமிடம் சுழற்றுவது. எல்லாக் குழிக்கும் ஒரே விசை. கைக்குக் கை மாறாது.

விசை இங்கே வெறும் தொந்தரவு இல்லை, ஏற்பியின் வேலையே விசையில்தான். ஆல்ஃபா5பீட்டா1 ஃபைப்ரோநெக்டினைப் பிடித்திருக்கையில் 10–30 பைக்கோநியூட்டன் இழுத்தால் பிடி இன்னும் நேரம் நிற்கும், சுருக்கு முடிச்சு இழுக்க இழுக்க இறுகுகிற மாதிரி. உள்ளே டாலின் தடியின் மூன்றாவது கட்டு 5 பைக்கோநியூட்டன் அளவிலேயே அவிழ்ந்து, வின்குலின் உட்காரும் இடத்தைத் திறக்கும். வின்குலின் ஆக்டினை இன்னும் சேர்த்துக் கட்டும். மிதவை நங்கூரக் கயிறு தொய்ந்திருந்தால் ஆடிக்கொண்டே இருக்கும், இழுபட்டால்தான் நிற்கும் இல்லையா, அப்படி. ஆகவே இரண்டு சுழற்சி வேகத்தில் பாருங்கள். 50 ஜியிலும் 200 ஜியிலும் சாறு வரிசை மாங்கனீஸ் வரிசையோடு சேர்ந்து நடந்தால் சரி. 50-இல் நின்று 200-இல் மொத்தமாக ஏடு ஏடாக உரிந்தால் உப்பளம் சொன்னதுதான்.

இனி முத்துச்சிப்பி. அதே முறை போதாது. கடல்நீரில் மெக்னீசியம் 53, கால்சியம் 10 மில்லிமோலார் அளவு. உங்கள் 5 மில்லிமோலார் இடிடிஏ கால்சியத்தில் பாதியைப் பிடித்தவுடன் தீர்ந்துவிடும், மெக்னீசியத்தைத் தொடக்கூட மிச்சம் இல்லை. 'இடிடிஏ போட்டும் ஒட்டுகிறது, ஆகவே இன்டெக்ரின் இல்லை' என்று எழுதினால் அந்த வரியே தப்பு. 60-க்கு மேல் இடிடிஏ போடுவதும் வழி இல்லை. உலோகத்தைப் பிடிக்கும்போது அது அமிலத்தை விடும், பி.எச் சரிந்து செல் சாகும். கால்சியமும் மெக்னீசியமும் இல்லாத செயற்கைக் கடல்நீர் செய்யுங்கள். சோடியம் குளோரைடு 460, பொட்டாசியம் குளோரைடு 10 மில்லிமோலார், டிரிஸ் பஃபர் பி.எச் 8. சவ்வூடு அழுத்தத்தை அளந்து, 1000 மில்லியாஸ்மோல் பக்கம் வரும்வரை சோடியம் குளோரைடால் ஏற்றிக்கொள்ளுங்கள். அதில் 2 மில்லிமோலார் இடிடிஏ போதும். எதிர்ப்பக்கம், மனிதச் செல்லுக்கு 290 பக்கமே இருக்கணும். ஒரே சாற்றுக் குப்பியை இரண்டுக்கும் அப்படியே ஊற்றக் கூடாது.

ரத்தச் செல்லை மூடுதசையில் ஊசி செலுத்தி எடுக்கும்போதே சிரிஞ்சில் குளிர்ந்த சிட்ரேட் கரைசல் சம அளவு இருக்கணும். இல்லாவிட்டால் சில நிமிடத்தில் சிரிஞ்சுக்குள்ளேயே கட்டிக்கொள்ளும். கண்ணாடியைத் தொட்டதும் படர்கிற செல் அது, கே562 போலச் சும்மா கிடக்காது. அதனால் 'தூண்டல்' பார்க்க அடிப்படையே உயரம். 30 நிமிடம் வேண்டாம், 5 நிமிடத்தில் எண்ணுங்கள். 12ஜி10, கே20 எல்லாம் மனித பீட்டா1-க்குச் செய்தவை, சிப்பியில் ஒளிராவிட்டால் அதற்கு அர்த்தம் கிடையாது. ஆர்ஜிடி, ஆர்ஜிஇ பெப்டைடு ஜோடியை நம்பலாம். கடல் அட்டைக்கு மாறலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், 2001 முதல் பாதுகாக்கப்பட்ட இனம்.

முதலில் பிஎஸ்ஏ குழி. அது நாளைக்கே முடியும்.

---

ஓலைக்குடா:

பிஎஸ்ஏ மட்டும் பூசிய குழியில் டயாலிசிஸ் செய்யாத சாறு போட்டுப் பார்த்தாச்சு. செல் நிற்கிறது. தட்டைச் சாய்த்தால் ஏடாக நகர்கிறது. சாறு இப்போது பையில், முதல் தண்ணீர் மாற்றம் ஆயிற்று. 'உள்ளிருந்து' என்ற வரியை வரைவிலிருந்து எடுத்துவிட்டேன். டயாலிசிஸ் முடிந்ததும் தட்டுக்கு மட்டும், செல்லுக்கு மட்டும் என்று அந்த இரண்டு வரிசையை ஓட்டி இங்கேயே போடுகிறேன்.